அலையாத்திக் காட்டை மீட்க ஒப்பந்ததாரரை அமர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர ஊராட்சிகள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், அறக்கட்டளைகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளுகிறவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. கையில் நிதி வந்ததும் பலரும் முதலில் நாற்று விற்பவரைத் தேடிப் போகிறார்கள். நாற்றைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இந்தப் பக்கத்தின் பாதிக்குப் பிறகுதான் வருகிறது. அதற்கு முன் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பகுதிகளைச் சேர்ந்தவை.

எங்கள் கழிமுகத்தில் ஐம்பது ஏக்கர் உவர்நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. ஒப்பந்ததாரரை வைத்து அலையாத்தி நட்டுவிடலாமா?

அந்த நிலம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு நடலாம். அலையாத்தி, விதை தானே மிதந்து வந்து சேற்றில் ஊன்றி முளைக்கும் மரம். அருகிலேயே தாய்மரங்கள் நிற்கின்றன, வாய்க்காலில் ஓதம் (கடலின் ஏற்றமும் வற்றமும்) வந்து போகிறது, ஆனாலும் குறிப்பிட்ட ஓரிடத்தில் பல ஆண்டுகளாக ஒரு கன்றுகூட எழவில்லை என்றால், அங்கே ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்தத் தடையை நீக்காமல் நட்ட நாற்று, தானாக வந்த விதை செத்த அதே காரணத்தால் சாகும்.

பிச்சாவரத்தில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள இந்தக் காட்டை ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் மொத்தமாக வெட்டி விறகுக்கு எடுத்தார்கள். மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது, ஈரம் வற்றியது, நிலம் அமுங்கி நடுவில் பள்ளமானது. பெரிய ஓதத்தின்போது உள்ளே ஏறிய உப்புநீர் பிறகு வடிய வழியில்லாமல் தேங்கிச் சுண்டியது. உப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. காடு திரும்பி வராததற்கு ஆடுமாடும் விறகு வெட்டும் மக்களும்தான் காரணம் என்று அதுவரை பழி சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து ஆராய்ந்தபோதுதான் பள்ளமும் உப்பும் முதன்மைக் காரணங்கள் என்று புலப்பட்டது. வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டு வெளியே வடியவும் வைத்ததும் உப்பு குறைந்தது, நட்டவை பிழைத்தன. தாமாக வந்தவையும் பிழைத்தன.

ஆகவே நீங்கள் கையெழுத்திடும் முதல் ஒப்பந்தம் ஆய்வுக்கானதாக இருக்கட்டும். அது சிறிய தொகை. அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள் பெரிய தொகையை இழந்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் என்னென்ன இருக்க வேண்டும்?

நிலத்தின் மட்டம், நீர் வந்துபோகும் போக்கு, மண்ணின் உப்பு, இடத்தின் வரலாறு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அறிக்கையை ஏற்காதீர்கள்.

தமிழகக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். உலகின் வேறு பகுதிகளில் மூன்று, நான்கு மீட்டர் ஓதம் உள்ள கரைகளில் ஒரு முழம் மேடோ பள்ளமோ பெரிதாகத் தெரியாது. இங்கே ஒரு சாண் வித்தியாசம்கூட ஒரு செடி வாழுமா சாகுமா என்பதை முடிவுசெய்யும். அதனால் "பார்த்தால் சமமாகத்தான் இருக்கிறது" என்கிற பேச்சை ஏற்க முடியாது. கருவி வைத்து மட்டம் எடுக்க வேண்டும். சிறிய இடமென்றால் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டமே போதும். ஆனால் எடுத்த அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

வண்ணம் பூசி அளவு குறித்த கம்புகளை நிலத்தின் பல இடங்களில் நட்டு, அமாவாசை, பௌர்ணமி ஓதங்களிலும் அட்டமி, நவமியை ஒட்டிய சிற்றோதங்களிலும் நீர் எதுவரை ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் மண்ணிலிருந்து ஊறும் நீரின் உப்பை அளக்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் தேங்கிச் சுண்டிய பள்ளத்தில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

வரலாற்றை ஊர்ப் பெரியவர்களிடமும் பழைய நிலவரைபடங்களிலும் தேட வேண்டும். முன்பு அங்கே காடு இருந்ததா, உப்பளம் இருந்ததா, இறால் பண்ணைக்கு வரப்புப் போட்டார்களா, சாலைக்காக வாய்க்காலை மூடிக் குழாய் பதித்தார்களா? கைவிடப்பட்ட இறால் பண்ணையாக இருந்தால், வரப்பைச் சரியான இடங்களில் உடைத்துவிடுவதே பாதி வேலையாக அமைந்துவிடுவதுண்டு.

யாரிடம் அனுமதி பெற வேண்டும்? ஒப்பந்ததாரரே "எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாரே?

அனுமதியை அவர் பொறுப்பில் விடாதீர்கள். பின்னால் வழக்கு வந்தால் பணம் கொடுத்தவர் பெயரும் அதில் வரும்.

நிலம் யாருடையது என்பதே முதல் கேள்வி. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே வனத்துறையை விட்டுவிட்டு வெளியார் ஒரு மண்வெட்டி மண்ணைக்கூட எடுக்க முடியாது. வெளியே உள்ள இடங்கள் வருவாய்த் துறைப் புறம்போக்காகவோ, நீர்வளத் துறையின் ஆற்றங்கரையாகவோ, குத்தகை உப்பளமாகவோ, பட்டா நிலமாகவோ இருக்கலாம். யாருடையதாக இருந்தாலும், அலையாத்திக் காடு கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் மிகக் கண்டிப்பான வகையில் வருவதால், பொக்லைனை இறக்கி வாய்க்கால் வெட்டும் முன் எழுத்துமூலமான ஒப்புதல் தேவை. கோடியக்கரை 2002இலும் பிச்சாவரம் 2022இலும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. முத்துப்பேட்டைக் காடு அந்தக் கோடியக்கரைத் தொகுதிக்குள்ளேயே வருகிறது. அங்கெல்லாம் நல்ல நோக்கத்தோடு செய்யும் வேலைக்கும் கேள்வி உண்டு, இருக்கவும் வேண்டும்.

அரசுப் பணம் என்றால் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படிதான் ஆள் எடுக்க வேண்டும். தனியார் நிதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் குறைந்தது மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, ஏன் ஒருவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதி வைப்பது உங்களுக்கே நல்லது.

நடவே கூடாத இடங்கள் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் சதுப்பின் வெற்றுச் சேற்றுவெளியைப் பார்த்து "வீணாகக் கிடக்கிறது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பூநாரைகளும் வலசை வரும் உள்ளான்களும் இரை தேடும் களம் அது. மரம் வந்தால் பறவை போய்விடும். கடற்புல் படுகை மேல் நடக்கூடாது; கடற்பசுவுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் அது வேண்டும். இயற்கையாகவே உமரி என்ற உவர்நிலச் செடி படர்ந்த உவர்ப்புல்வெளியை அழித்து நடக்கூடாது. ஆமை முட்டையிடும் மணற்கரையில் எந்த மரத்தையும் நடக்கூடாது.

மீனவர் வலை காயவைக்கும் இடம், படகு ஏற்றும் துறை, பெண்கள் மட்டி பொறுக்கும் திட்டு ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். வரைபடத்தில் இவை வெற்றிடமாகத்தான் தெரியும். ஊர்க்கூட்டம் போட்டால்தான் வெளியே வரும்.

ஒரே ஒப்பந்ததாரரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது நல்லதா?

மண்வேலை, நாற்றங்கால், நடவும் பராமரிப்பும், கண்காணிப்பு என்று வேலை நான்கு வகைப்படும். முதல் மூன்றையும் ஒருவரே செய்தால் பொறுப்பு சிதறாது. செடி செத்தால் "வாய்க்கால் சரியில்லை" என்று நாற்றுக்காரரும் "நாற்று சரியில்லை" என்று மண்வேலைக்காரரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாது. ஆனால் இரண்டையும் நன்றாகத் தெரிந்தவர்கள் அரிது. தனித்தனியாகக் கொடுப்பதானால், நடவுக்காரர் வாய்க்காலைப் பார்த்து, "நீர் சரியாக வந்து வடிகிறது, ஏற்கிறேன்" என்று கையெழுத்திட்ட பிறகே நாற்று இறங்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி பல சண்டைகளைத் தவிர்க்கும்.

கண்காணிப்பை மட்டும் எந்த நிலையிலும் வேலை செய்தவரிடமே கொடுக்காதீர்கள். அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் அல்லது கடலுயிரியல் துறையைக் கேட்டுப் பாருங்கள். பிச்சாவரத்தை ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையம் இருக்கிறது. எல்லாக் கரைக்கும் அந்த வாய்ப்பு இல்லை என்றாலும் கல்லூரி இல்லாத மாவட்டம் இல்லை.

ஊர் மக்கள் குழுவிடமே வேலையைக் கொடுக்கலாமா, அனுபவமுள்ள நிறுவனம்தான் வேண்டுமா?

என் விருப்பம் ஊர்க்குழுதான், தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவரின் துணையோடு. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நடந்த மீட்புப் பணிகளில் ஊர்தோறும் அலையாத்தி மன்றங்கள் அமைக்கப்பட்டு, ஆண்களும் பெண்களும் அவற்றில் உறுப்பினராக இருந்து, வாய்க்கால் வெட்டுவதிலிருந்து காவல் வரை திட்டமிட்டார்கள். பிச்சாவரத்தின் இருளர் குடும்பங்கள் சேற்றில் அமர்ந்து கையாலேயே இறால் பிடித்து வாழ்ந்தவர்கள். எந்த ஓடை எந்த மாதத்தில் எவ்வளவு ஆழம், எங்கே சேறு காலை வாங்கும் என்பதை எந்தக் கருவியும் அவர்கள் அளவுக்குச் சொல்லாது.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியூர் நிறுவனம் கடைசித் தவணை வாங்கியதும் போய்விடும். காடு ஊரோடு இருக்கப்போகிறது. வாய்க்காலில் வண்டல் படிந்தால் முதலில் பார்க்கப்போவதும் மாடு புகுந்தால் விரட்டப்போவதும் ஊர்க்காரர்தான். முதல் நாளிலிருந்தே அவர் கூலியாளாக மட்டும் நடத்தப்பட்டிருந்தால், எதற்காகக் காப்பார்?

நடைமுறைச் சிக்கல்களும் இல்லாமல் இல்லை. ஊர்க்குழுவிடம் முன்வைப்புத் தொகை கட்டப் பணம் இருக்காது, ஜி.எஸ்.டி. பதிவு இருக்காது, பொக்லைனும் இருக்காது. அதனால் காப்புத் தொகையைத் தவணைகளில் பிடித்தம் செய்துகொள்ளுங்கள். கூலியை வாரந்தோறும் கொடுங்கள். இயந்திர வேலையை மட்டும் தனி ஒப்பந்தமாக்குங்கள். குழுவின் வங்கிக் கணக்கு கூட்டுக் கையெழுத்தில் இருக்கட்டும். கையெழுத்திடுகிறவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

வெளி ஒப்பந்ததாரர்தான் என்றால், நல்லவரை எப்படி இனம் காண்பது?

அவரை நிலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், வற்றத்தின்போது ஒரு முறை, ஏற்றத்தின்போது ஒரு முறை. வேலை தெரிந்தவர் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார், குனிந்து சேற்றைக் கிளறி முகர்ந்து பார்ப்பார், பழைய அடிமரங்களைத் தேடுவார், ஓரத்தில் தானாக முளைத்த கன்றுகள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று பார்ப்பார். மற்றவர் ஏக்கருக்கு எத்தனை செடி வேண்டும் என்று கேட்டுவிட்டு விலை சொல்வார்.

முன்பு செய்த வேலைகளின் படங்களைக் காட்டினால், நட்ட அன்று எடுத்த படங்களை ஒதுக்கிவிட்டு, மூன்று ஆண்டுக்கு முன் நட்ட இடத்துக்கு உங்களைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அங்குள்ள ஊர்க்காரர்களிடம் தனியாகப் பேசுங்கள். கூலி பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். தோற்ற இடம் ஏதாவது உண்டா, ஏன் தோற்றது என்று அவரிடமே கேளுங்கள். இருபது ஆண்டு இந்த வேலை செய்தவருக்குத் தோல்வி ஒன்றும் இல்லை என்றால் நம்ப வேண்டாம்.

நூறு விழுக்காடு பிழைக்கும் என்று எழுதித் தருகிறவரிடம் போகாதீர்கள்.

வாய்க்கால் வெட்டும் ஒப்பந்தத்தில் எவற்றைத் தெளிவாக எழுத வேண்டும்?

பிச்சாவரத்தில் வளர்ந்த முறையை மீன்முள் அமைப்பு என்பார்கள். இயற்கை ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால் புறப்படும். அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் பிரியும். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும், கரை சரியாதபடி சரிவாக வெட்டப்படும். ஓதம் ஏறும்போது நீர் கிளைகள் வழியே பள்ளத்தின் மூலைமுடுக்கெல்லாம் போக வேண்டும், வற்றும்போது முழுதாக வடிய வேண்டும். உள்ளே வருவதைவிட வடிவதுதான் கடினம், அதைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும்.

மேல் அகலம், அடி அகலம், ஆழம், அடிமட்டத்தின் சரிவு ஆகியவை வரைபடத்தில் எண்ணாக இருக்க வேண்டும். முதன்மை வாய்க்காலின் அடிமட்டம் ஓடையின் வற்றநீர் மட்டத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதும் இருக்க வேண்டும். இதில் தவறினால் வாய்க்காலே நீளமான குட்டையாகிவிடும்.

தோண்டிய மண் எங்கே போகும் என்பதைப் பலரும் எழுத மறக்கிறார்கள். பொக்லைன் ஓட்டுநர் கை எட்டும் தூரத்தில், வாய்க்கால் கரையில் வரிசையாகக் குவித்துக்கொண்டே போவார். அது தொடர்ந்த வரப்பாகி, நீர் நிலத்தில் பரவாமல் தடுத்துவிடும். வெட்டிய வாய்க்காலே பயனற்றுப் போகும். மண்ணைப் பரப்ப வேண்டும், அல்லது இடைவெளி விட்டுச் சிறு மேடுகளாக வைக்க வேண்டும். நிற்கும் மரங்களின் மூச்சுவேர் மேல் ஒரு கூடை மண்கூட விழக்கூடாது. வேர் மூடப்பட்டால் மரம் மூச்சுமுட்டிச் சாகும்.

அளவுப் புத்தகத்தில் கன மீட்டர் கணக்கு மட்டும் எழுதிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பெரிய ஓதத்தின் ஏற்றத்தையும் வற்றத்தையும் இருதரப்பும் நின்று பார்த்து, கடைக்கோடிக் கிளைவரை நீர் போய்த் திரும்பியது என்று குறிப்பெழுதிய பிறகே மண்வேலைக்கான கடைசிப் பட்டியல் பணம் போகட்டும்.

பொக்லைனா, ஆளா?

பரந்த வெற்றுநிலமாகவும், கனத்தைத் தாங்கும் தரையாகவும் இருந்தால் முதன்மை வாய்க்காலுக்கு இயந்திரம். மரம் நிற்கும் இடங்களிலும் கிளை வாய்க்கால்களிலும் ஆள். இயந்திரம் வரும் வழியை முன்பே குறித்து, அந்த வழியைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது என்று எழுதுங்கள். சேற்றில் பதிந்த சங்கிலித் தடம் பல ஆண்டுகள் அழியாமல் கிடந்து நீரின் போக்கையே மாற்றிவிடும்.

எந்த மரம் நடுவது? எல்லோரும் சுரபுன்னைதான் கொண்டுவருகிறார்கள்.

எளிதாக இருப்பதால் கொண்டுவருகிறார்கள். சுரபுன்னையின் முளை தாய்மரத்திலேயே நீண்டு வளர்ந்து கம்பியாகத் தொங்கும். பறித்து, சேற்றில் மூன்றில் ஒரு பங்கு செருகினால் நடவு முடிந்தது. நாற்றங்கால் செலவில்லை, படத்திலும் அழகாக வரும். ஆனால் சுரபுன்னைக்கு ஓடைக்கரையின் ஈரமும் மிதமான உப்பும் வேண்டும். உப்பு ஏறிய மேட்டில் அது நிற்காது.

அப்படிப்பட்ட இடத்தில் நிற்கக்கூடியது வெண்கண்டல். முத்துப்பேட்டைக் காட்டின் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே இனம்தான். காவிரியின் கடைமடையில் நன்னீர் குறைந்து உப்பு கூடிய இடத்தில் அதுதான் தாக்குப்பிடித்தது. நன்னீர் வந்து கலக்கும் பக்கத்தில் கருங்கண்டல், இன்னும் மேட்டில் தில்லை, அதற்கும் பின்னால் உமரி. உங்கள் ஓடையில் எந்த உயரத்தில் எது தானாக நிற்கிறதோ அதையே அந்த உயரத்தில் நட வேண்டும். பணி ஆணையில் இனவாரியாகவும் இடவாரியாகவும் வரைபடம் இணைக்க வேண்டும்.

தவறான இனத்தைத் தவறான மட்டத்தில் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையை விடப் பெரிய பாடம் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே 23 இடங்களில் சுமார் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை அலையாத்தி நட்டார்கள். 2017இல் வெளியான ஆய்வு அந்த இடங்களைப் போய்ப் பார்த்தது. ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்திருந்தவை கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு ஆகிய மூன்றே இடங்கள். தேறிய பரப்பு 200 முதல் 220 ஹெக்டேர். பொருத்தமில்லாத இடத் தேர்வு, நட்டபின் கவனிக்காமை, மாடு மேய்ந்து மிதித்தது ஆகியவை காரணங்களில் முக்கியமானவை. அத்தனையும் ஒப்பந்தத்தில் எழுதித் தடுத்திருக்கக்கூடியவை.

ஒப்பந்தப்புள்ளியை எந்த மாதம் கோருவது?

வடகிழக்குப் பருவமழையை நடுவில் வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். மழை மண்ணின் உப்பைக் கழுவித் தரும் காலத்தில் நாற்று மண்ணில் இருக்க வேண்டும். அதற்கு முன் கோடையில் வாய்க்கால் வெட்டி முடிந்திருக்க வேண்டும். வெண்கண்டல் விதை மழைக்கு முந்தைய மாதங்களில் முற்றி விழும். சேர்த்து வைக்க முடியாத விதை அது, சில வாரங்களில் வீரியம் போய்விடும். ஆகவே ஆய்வைத் தை, மாசியில் முடித்து, பங்குனிக்குள் பணி ஆணை கையில் இருந்தால்தான் அந்த ஆண்டில் நடலாம்.

நிதியாண்டு முடிவதற்குள் செலவுக்கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகப் பிப்ரவரி, மார்ச்சில் நடச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. இது மன்னிக்க முடியாதது. கோடை முழுவதும் உப்பு ஏறப்போகிற மண்ணில் பிஞ்சு நாற்றை நிறுத்துவதற்குப் பதில், பணத்தை வாய்க்காலில் செலவிட்டு நடவை அடுத்த மழைக்குத் தள்ளுங்கள். நிதி தருகிறவரிடம் முதலிலேயே பேசினால் ஒத்துக்கொள்வார்கள்.

நாற்றின் தரத்தை எப்படிச் சோதிப்பது?

விதை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அருகிலுள்ள காட்டிலிருந்து, அனுமதியோடு, கீழே விழுந்ததையும் முற்றியதையும் மட்டும் எடுத்ததாக இருக்க வேண்டும். நாற்றங்கால் கழிக்கரையிலேயே இருந்தால் நல்லது. நன்னீரில் கொழுகொழுவென்று வளர்த்த நாற்று நட்ட மறுநாளே உப்பைக் கண்டு துவண்டுவிடும்; கடைசி வாரங்களில் உவர்நீர் ஊற்றிப் பழக்கியிருக்க வேண்டும். வேர் பையைத் துளைத்துச் சுருண்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். நடும்போது பாலித்தீன் பையைக் கிழித்தெடுத்து, எண்ணி, கரைக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வாங்கிய நாற்றின் எண்ணிக்கையும் திரும்பிய பையின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் பட்டியலுக்குப் பணம்.

செடிக்கு இவ்வளவு என்று விலை பேசுவதா, ஏக்கருக்கு இவ்வளவு என்றா?

செடிக் கணக்கில் பேசினால் செடி கிடைக்கும், நெருக்கி நடப்பட்டுக் கிடைக்கும். இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்கு 2,500 நாற்று. அதையே ஒரு மீட்டராக்கினால் 10,000. கூலியும் நாற்று விலையும் நான்கு மடங்காகும், காடு நான்கு மடங்காவதில்லை. வாய்க்கால் சரியாக இருந்து தாய்மரம் அருகில் இருந்தால் இடைவெளியை இயற்கையே நிரப்பும்.

ஆகவே பரப்பளவுக் கணக்கில் பேசுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு ஹெக்டேருக்கு உயிரோடு, இவ்வளவு உயரத்துக்கு மேல், இத்தனை மரங்கள் என்பதே விற்பனைப் பொருள். அதில் நட்டதும் சேரும், தானாக வந்ததும் சேரும். தானாக வந்த கன்றுகளைக் கணக்கில் சேர்க்காத ஒப்பந்தம் ஒன்றில் என்ன நடக்கும் தெரியுமா? நடவு வரிசைக்குக் குறுக்கே நிற்கிறது என்று அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் விலைக்கு வாங்கிய நாற்றை நடுவார்கள்.

பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

நட்டு முடித்த நாளில் மொத்தத்தில் பாதிக்கு மேல் போயிருக்கக்கூடாது. மண்வேலையைத் தனியாக அளந்து தீர்த்துவிடலாம். நடவு, பராமரிப்புத் தொகையை மட்டும் பணி தொடக்கம், நடவு முடிவு, முதல் கோடை கடந்த பின், இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று ஐந்தாகப் பிரியுங்கள். முதல் கோடைதான் உண்மையான தேர்வு. அதைக் கடந்த செடி பெரும்பாலும் நிலைக்கும். அந்தத் தவணை கனமாக இருக்கட்டும்.

எண்ணும் முறையையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். முழு நிலத்தையும் எண்ண முடியாது. வரைபடத்தில் கட்டம் போட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்த பத்து மீட்டர் சதுரங்களில் இருதரப்பும் நின்று எண்ண வேண்டும். எந்தச் சதுரம் என்பது எண்ணும் நாள் காலையில்தான் தெரிய வேண்டும். ஆய்வுக்கு முதல்நாள் இரவு புதிய நாற்றைச் செருகும் வழக்கத்துக்கு இதுவும், உயர அளவும்தான் தடை. இலையில்லாமல் நிற்கும் குச்சியைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சையா காய்ந்ததா என்று தெரிந்துவிடும்.

தொகை குறையும்போது படிப்படியாகக் குறையட்டும். ஒரு செடி குறைந்தாலும் முழுத் தவணையும் போகும் என்று எழுதினால், நேர்மையானவர் விலைப்புள்ளியே தரமாட்டார்.

புயல் வந்து எல்லாம் போனால் நட்டம் யாருக்கு?

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, முத்துப்பேட்டையில் முதிர்ந்த மரங்களையே முறித்துப்போட்டது. அத்தகைய பேரிடரை ஒப்பந்ததாரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அரசு பேரிடராக அறிவித்த புயல், வெள்ளம் என்றால் மறுநடவுச் செலவு உங்களுடையது என்றும், வழக்கமான பருவமழை வெள்ளம், கோடை வறட்சி, மாடு, வண்டல் ஆகியவை அவருடைய பொறுப்பு என்றும் பிரித்து எழுதுங்கள். மொத்த நிதியில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கி வைப்பது நல்லது.

மூன்று ஆண்டுப் பராமரிப்பு என்றால் என்ன செய்வார்கள்?

வாய்க்காலில் வண்டல் படியும். ஒவ்வொரு கோடையிலும் தூர்வார வேண்டும். வாய்முகம் அடைத்தால் உடனே திறக்க வேண்டும், அதற்கு அடுத்த தவணை வரை காத்திருக்கக் கூடாது. மாடும் ஆடும் கண்டல் இலையை விரும்பித் தின்னும், மேய்ச்சலுக்கு மாற்றிடம் ஊரோடு பேசி முடிவுசெய்யாமல் வேலி மட்டும் போட்டால் வேலி நிற்காது. நாற்றுத் தண்டில் சிறு சிப்பியுயிர்கள் அப்பிக்கொண்டு பாரத்தால் சாய்க்கும்; கையால் உரித்துவிட வேண்டும். அறுந்த வலைத் துண்டும் பிளாஸ்டிக்கும் ஓதத்தோடு வந்து நாற்றை அமுக்கும். உள்மேட்டிலிருந்து சீமைக்கருவேலம் இறங்கி வரும். காவலுக்கு ஓர் ஆள் வேண்டும், ஆண்டு முழுவதும், மாதச் சம்பளத்தில்.

மதிப்பீட்டில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். "இதர பராமரிப்பு" என்று ஒரே வரியில் போட்டிருந்தால் எதுவும் நடக்காது.

வேலையாட்கள் தொடர்பாக என்ன நிபந்தனை வைக்க வேண்டும்?

இடுப்பளவு சேற்றில் நின்று செய்யும் வேலை இது. சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், பாம்பு உண்டு, நிழலே இல்லை. கால் மூடும் காலணி, குடிநீர், ஒதுங்க நிழல், பெண்களுக்குக் கழிப்பிடம், முதலுதவிப் பெட்டி, அவசரத்துக்கு ஒரு படகு, விபத்துக் காப்பீடு ஆகியவை பணி ஆணையிலேயே இருக்கட்டும். வேலை நேரம் ஓதத்தைப் பொறுத்து மாறும் என்பதால் கூலியை நாள் கணக்கில் உறுதி செய்யுங்கள். நீர் ஏறியதால் பாதியில் கரையேற வேண்டி வந்தாலும் முழுநாள் கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி.

எங்கள் ஊழியர்களும் பள்ளி மாணவர்களும் ஒருநாள் வந்து நடலாமா?

வரட்டும், ஆனால் மீட்பு நிலத்துக்குள் இருநூறு பேர் இறங்க வேண்டாம். மிதிபட்ட சேறு இறுகிவிடும், ஏற்கெனவே முளைத்தவை மடியும். நாற்றங்காலில் பை நிரப்பவும், விதை பிரிக்கவும், ஓடைக்கரையில் சிக்கிய பிளாஸ்டிக்கை அகற்றவும் அவர்களை அழையுங்கள். மாணவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்ணும் வேலைக்கு அழைத்தால் இன்னும் நல்லது. செடி எண்ணிய பிள்ளை அந்த இடத்தை மறப்பதில்லை.

எப்போது வேலை முடிந்தது என்று கையெழுத்திட்டுக் காப்புத் தொகையை விடுவிக்கலாம்?

மூன்றாம் ஆண்டு எண்ணிக்கை ஒப்பந்த அளவைத் தொட்டிருக்க வேண்டும். அதோடு, கடைக்கோடிக் கிளை வாய்க்காலில் ஓதம் வந்து வடிகிறதா என்று மீண்டும் ஒரு பௌர்ணமியில் போய்ப் பாருங்கள். யாரும் நடாத கன்றுகள் வரிசைக்கு இடையே முளைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். தூர்வாரும் பொறுப்பு நான்காம் ஆண்டிலிருந்து யாருடையது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று ஊர்மன்றத் தீர்மானம் எழுதி வாங்குங்கள். இந்த நான்கும் கையில் இருந்தால் கையெழுத்திடுங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு கோடை வரை காத்திருங்கள். அதற்கான கூடுதல் காவல் சம்பளத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள்.